பதினொரு கண்ணாடியும் ஒரு சொட்டு மருந்தும்

கண்ணாடிக்காரருக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும், பவர் மறக்காது. தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால், வலது கண் மைனஸ் மூன்று, இடது மூன்றே கால், மூக்கு லேசாகக் கோணல் என்று மனதுக்குள் ஓடிவிடும். பெயர் மட்டும் வராது. "வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்டுச் சமாளித்துவிடுவார். முப்பத்தோரு வருடமாக ஒரே கடை. முன்னறையில் ஃபிரேம்கள் மாட்டிய சுவர், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, நாற்காலி இரண்டு. பின்னறையில் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு அரைக்கிற சக்கரம், ஒரு மேசை, விரல் நீளத்துக்கு ஸ்க்ரூ டிரைவர்கள், பக்கத்துச் சந்துக்குத் திறக்கிற ஒரு கதவு. அந்தக் கதவு இந்தக் கதையில் நிறைய வேலை செய்யப்போகிறது.

கடைக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பது அவர் வழக்கம். பவர், இரண்டு கருவிழிக்கும் நடுவே உள்ள தூரம், காது எவ்வளவு பின்னால் இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடி உடைந்தாலும் தொலைந்தாலும் மறுபடி டாக்டரிடம் போய் உட்கார வேண்டாம். இழுப்பறையைத் திறந்தால் போதும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதருக்கு ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணாடி கிடையாது என்பதை மட்டும் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

ஆறு வயதில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவருடைய அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டவர் எழுந்திருக்கவே இல்லையாம். மூன்றாம் நாள் காலையில் பையன் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்று ரொட்டி கேட்டிருக்கிறான். அந்தச் சாட்சியை அம்மா சாகும்வரை சபையில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகையால் அதிசயம் நடக்குமா நடக்காதா என்று அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. நடந்த அதிசயமே அவர்தான். தன்னைப் பிழைக்க வைத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையை ஏன் விட்டுவிட்டார் என்ற கேள்வி மட்டும் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி; ஒரு பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் தோள் அளவைச் சொல்லிவிடுவார். நாலு வருடம் முன்பு அந்த அம்மாளுக்குக் கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும், பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், வலிக்காது, போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆயுசு முழுக்கக் காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு மருந்து. அம்மாளுக்குத் தானே போட்டுக்கொள்ள வராது. குறி தவறிக் கன்னத்தில் வழியும். அதனால் அந்த வேலை கணவருடையது. தினம் இரண்டு வேளை, ஒரு நாள் விடாமல் போட்டுவந்தார்.

அப்படி நாலு வருடம் ஓடிய பிறகுதான் சபையில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரருக்கு வெண்கலக் குரல். மூன்றாம் நாள் அவர், "விசுவாசிக்கிறவங்க உங்க கண்ணாடியக் கழட்டிக் கொண்டுவந்து இந்த மேசையில வைங்க!" என்று முழங்கினார். முதலில் எழுந்தவர் அவர்களுடைய சொந்தப் போதகர். நல்ல மனிதர், வெள்ளை மனசு. அவர் கழற்றி வைத்ததும் கூட்டத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மொத்தம் பதினொரு கண்ணாடி.

பதினொன்றும் கண்ணாடிக்காரர் தன் கையால் மாட்டிக் கொடுத்தவை. எல்லாரும் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், 'ஐயோ, லென்ஸைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து வைக்கிறார்களே, கீறல் விழுமே' என்று தவித்தார். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டு ஜெபமும் பண்ணினார். அந்தத் தவிப்பில், பக்கத்தில் இருந்த மனைவி எழுந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாள் கைப்பையிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துப் பதினொரு கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஊழியக்காரர் மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டார். மேசையில் இருந்த பொருள்களை என்ன செய்வது? யாரோ ஒரு புண்ணியவான் யோசனை சொல்லி, அவற்றைச் சபை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, 'ஆண்டவர் செய்த அதிசயங்கள்' என்று அட்டை எழுதி, பூட்டும் போட்டுவிட்டார்கள். இனி வைத்தவர் யாரும் தன்னுடையதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போக முடியாது.

கூட்டம் முடிந்த நாலாம் நாள் மத்தியானம் பக்கக் கதவை யாரோ விரலால் சுரண்டினார்கள். திறந்தால் பாட்டுக்குழுத் தலைவி.

"அண்ணே, என் பவர் உங்ககிட்ட அட்டையில இருக்கும்ல?"

"இருக்கும்மா. ஏன்?"

அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார், கண் கலங்கிவிட்டது. "முயற்சி பண்ணினேன் அண்ணே. மூணு நாளா எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நேத்து உப்புன்னு நினைச்சு சோடா மாவைப் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க வீட்டுல கூடச் சொல்லாதீங்க. ஆண்டவர் பேருக்கு என்னால கெட்ட பேரு வந்துடக் கூடாது."

"சொல்ல மாட்டேம்மா" என்றார் கண்ணாடிக்காரர். அது சத்தியம் மாதிரி. தன் வாய்க்கு அவர் அன்றைக்குப் போட்ட பூட்டு அது.

அதற்குப் பிறகு பக்கக் கதவு ஓயவில்லை. ஒருவர் கடைக்கு எதிரே பேப்பர் படிக்கிற மாதிரி நின்று, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இன்னொருவர் தன் தம்பிக்கு என்று சொல்லிக் கேட்டார். தம்பியின் கருவிழித் தூரம் எப்படி அண்ணனுடையதோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போகிறது என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: வெளியே தெரிய வேண்டாம். ஐந்து வாரத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். பத்தாவதாகப் போதகரே வந்தார். சந்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தவர், வேத வாசிப்புப் பகுதியை ஒவ்வொரு சனிக்கிழமையும் மனைவியைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணுவதாகச் சொன்னார். பாவம், போன வாரம் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாராம்.

பதினோராவது ஆள் மட்டும் வரவில்லை. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்து ஓய்வுபெற்ற அம்மாள். கண்ணாடிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் சாக்குச் சொல்லி அந்த அம்மாளைக் கடைக்குள் உட்கார வைத்து, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டார். ப்ளஸ் இரண்டரைக்காரி! வயதானவர்களுக்குப் புரை வளரத் தொடங்கும்போது அப்படிக் கொஞ்ச நாள் தெரிவதுண்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் புரை இல்லை என்று டாக்டர் ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரர் அட்டையை வாங்கி வைத்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். வேறு என்ன சொல்ல?

வீட்டில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அவர் வேறொரு குப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேசையில வெச்சது வெச்சதுதாங்க. கொடுத்துட்டுத் திரும்ப வாங்கலாமா?" சில நாளில் மனசு மாறுவாள் என்று அவர் நினைத்தார். மாறவில்லை. ஒரு மாதம் கழித்து, தேநீர் ஊற்றும்போது பாதி கோப்பைக்கு வெளியே போனது. இரண்டாம் மாதம் கதவு நிலையில் தோள் இடித்து இடித்து இடது தோள் கன்றிப்போனது. அம்மாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக உபவாசம் இருக்க ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்மா, சும்மா ஒரு தடவை."

"பதினொரு பேருக்கு நடந்திருக்கு. எனக்கு மட்டும் ஏங்க நடக்கல?" அம்மாளின் குரல் தாழ்ந்துவிட்டது. "டாக்டர் என்ன பண்ணுவாரு? குறை என்கிட்டதான் இருக்கு. எங்கயோ ஏதோ பாவம் அடைச்சுக்கிட்டு நிக்குது. அது என்னன்னுதான் தெரியல."

பதினொரு பேருக்கும் நடக்கவில்லை, ஒருவருக்குத்தான் நடந்தது, பத்துப் பேர் என் பின்னறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள் என்று அவருக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. மென்று முழுங்கினார். கொடுத்த வாக்கு ஒன்றா இரண்டா, பத்து. அழுதுகொண்டே கேட்ட மனிதர்களுக்குக் கொடுத்தது. ஒருவருடைய ரகசியத்தை உடைத்தால் பத்தும் உடையும். அவர் கடைக்குப் போய்ச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு லென்ஸை அளவு தப்பாக அரைத்துக் கெடுத்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரே நாளில் இரண்டு கெட்டது அன்றைக்குத்தான். 'ஆண்டவரே, ஆறு வயதில் என்னை எழுப்பினது இதைப் பார்க்கிறதுக்கா?' என்று கேட்டார். பதில் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. ஆண்டவர்மேல் இல்லை, தன்மேல்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அம்மாள்மேல் இடது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் மோதியது. ஓட்டி வந்த பையன் மணி அடித்திருக்கிறான், சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் மோதிவிட்டான். முழங்கால் சிராய்ப்பு, உள்ளங்கையில் இரத்தம், வேறொன்றும் இல்லை. சைக்கிளுக்குப் பதில் லாரி வந்திருந்தால்? கண்ணாடிக்காரர் காயத்தைக் கழுவிக் கட்டினார். கட்டி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்கு நடந்தார்.

போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று கண்ணாடியைக் கழற்றிச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார்.

"அதை மாட்டிவிட்டதே நான்தானே பாஸ்டர், என்கிட்ட எதுக்கு ஒளிக்கிறீங்க?"

போதகர் அசடு வழிந்தார். கண்ணாடிக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: கோப்பை, கதவு நிலை, உபவாசம், சைக்கிள்.

"மத்தவங்க பேரை நான் சொல்ல மாட்டேன். உங்க ஒருத்தரைப் பத்தி மட்டும் என் வீட்டுல சொல்றதுக்கு அனுமதி கொடுங்க. போதகருக்கே நடக்கலன்னு தெரிஞ்சா அவ மருந்து போட்டுக்குவா."

போதகர் மூக்கின் இரு பக்கமும் தேய்த்துக்கொண்டார். "நானே முதல்ல வெச்சேனே. என்னைப் பார்த்துத்தானே எல்லாரும் வெச்சாங்க. இப்ப நான் இல்லைன்னு சொன்னா அத்தனை பேரோட விசுவாசமும் உடைஞ்சிடுமே, அண்ணே."

"உடையிற விசுவாசத்தை அப்புறம் ஒட்டிக்கலாம் பாஸ்டர். என் பொண்டாட்டி கண்ணை ஒட்ட முடியாது."

போதகர், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். கண்ணாடிக்காரருக்குச் சுள்ளென்று ஏறியது. இதற்குமா ஜெபம்! ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். வழியெல்லாம் மனதுக்குள் போதகரைத் திட்டித் தீர்த்தார். போதகர் என்பதற்காக எதையும் குறைத்துத் திட்டவில்லை. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் வாக்கை உடைத்துவிடுவது, வருகிற பாவம் வரட்டும் என்று தீர்மானம் செய்துகொண்டார்.

மறுநாள் இருவரும் வழக்கமான நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து வேத வாசிப்பு வந்தது. போதகர் புத்தகத்தைத் திறந்தார். அப்புறம் சட்டைப்பையில் கையை விட்டு, கண்ணாடியை எடுத்து, எல்லாரும் பார்க்க நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"எனக்கு எழுத்து தெரியலைங்க" என்றார். "கூட்டம் நடந்த நாள்லேர்ந்து தெரியல. இவ்வளவு நாளா மனப்பாடமா ஒப்பிச்சிட்டு இருந்தேன். ஆண்டவருக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நினைச்சேன். உண்மையில என் பேருக்குத்தான் பயந்திருக்கேன். அவரு பிறவிக் குருடருக்குச் சேத்தைப் பூசிக் கண்ணைத் திறந்தவரு. சேத்தைக் கையில எடுத்தவரு சொட்டு மருந்தையும் கண்ணாடியையும் கேவலமா நினைப்பாரா? கேட்டா அவரு குணமாக்குவாரு, அதை நான் இன்னைக்கும் நம்புறேன். எப்ப, யாருக்கு, எப்படின்னு அவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் யாரு? என்னைப் பார்த்து வெச்சவங்க என்னை மன்னிச்சிடுங்க."

பாட்டுக்குழுவின் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் ஒன்று. ஓரத்தில் இரண்டு. கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்க்காமலே எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சத்தமும் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

மனைவி அவர் கையைத் தொட்டார். "என்னங்க சத்தம் அது?"

"கண்ணாடிக் கூடு திறக்குறாங்க."

"யாரு?"

"வெச்சவங்க எல்லாரும். தபால் அம்மாவைத் தவிர."

அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"நாலாம் நாள்லேர்ந்து."

அம்மாள் எழுந்தார். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனார். கண்ணாடிக்காரர் பின்னாலேயே ஓடினார். சபைப் படிக்கட்டில் அம்மாள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிடும்மா, வாக்குக் கொடுத்துட்டேன், தப்புத்தான்" என்று என்னென்னவோ உளறினார்.

"சும்மா இருங்க!" அம்மாள் கையை எடுத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தது. "நான் ஒருத்திதான் ஆண்டவருக்கு வேண்டாதவன்னு நெனச்சேனே! மூணு மாசமா செஞ்ச பாவம், செய்யாத பாவம் எல்லாத்தையும் அறிக்கை பண்ணித் தொலைச்சேன். ஒரு கட்டத்துல பாவமே தீர்ந்துபோய், எங்க அக்கா பண்ணினதையெல்லாம் என் கணக்குல சேர்த்துச் சொன்னேன்." மூக்கைச் சிந்தினார். "என்னை அவரு தள்ளிவைக்கலையா? நிஜமாவா?"

"இல்லம்மா. ஒருநாளும் இல்ல."

"அப்ப உங்களை நான் வீட்டுக்குப் போய்க் கவனிச்சுக்குறேன். முதல்ல மருந்தை எடுங்க."

உண்மையில் அவர் சட்டைப்பையில் குப்பி இருந்தது. மூன்று மாதமாகத் தினமும் எடுத்துக்கொண்டுதான் புறப்படுவார், எந்த நேரத்தில் மனசு மாறுமோ என்று. சபைப் படிக்கட்டில், பட்டப்பகலில், உள்ளே எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்தார். அவர் குறி தவறாமல் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார்.

திங்கட்கிழமை டாக்டர் இருவரையும் பிடிபிடியென்று பிடித்தார். திட்டினால் பரவாயில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குகிற பரிசோதனை நடந்தது. முடிவில் வந்த படத்தில் இடது ஓரம் கறுப்பாக இருந்தது. அது போனது போனதுதான். அதிசயம் எதுவும் நடந்து அந்த இடத்தில் வெளிச்சம் வரவில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்தது. ஒழுங்காக மருந்து போட்டால் ஆயுசுக்கும் ஊசியில் நூல் கோக்கலாம் என்றார் டாக்டர். கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே விசும்பி அழுதுவிட்டார். இதை விடப் பெரிய அதிசயத்தைத் தனக்குத் தெரியாது என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டர் சங்கடப்பட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சபை வாசல் பெட்டியைத் திறந்து அவரவர் பழைய கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் பயந்தபடியே பாதிக்கு மேல் கீறல். தபால் அம்மாளுடையது மட்டும் உள்ளே நின்றது. அந்த அம்மாள் அவரிடம் வந்து, "எனக்கு நிஜமாவே தெரியுதே தம்பி, எல்லார் முன்னாடியும் கூச்சமா இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?" என்று திருடிவிட்டவர் மாதிரி கேட்டார். "சந்தோஷமா வாசிங்க அக்கா" என்றார் அவர். "உங்களுக்குக் கொடுத்ததை நாங்க யாரும் திருப்பிக் கேட்கல." அவர் மனைவியோ ஒரு படி மேலே போய், வாரம் ஒரு முறை அந்த அம்மாளை வீட்டுக்குக் கூப்பிட்டுப் துணிக்கட்டுகளில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து அட்டைகளை வாசிக்க வைத்துக்கொண்டார். நடந்த அதிசயத்தைச் சும்மா விடுவானேன் என்பது அவர் கட்சி.

பக்கக் கதவில் இப்போது யாரும் சுரண்டுவதில்லை. எல்லாரும் முன்வாசல் வழியாக வந்து, கைகால் தளர்ந்ததையும் சர்க்கரை ஏறியதையும் சத்தமாகச் சொல்லி, ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பின்னறையில் ஒரு ஸ்டூல் இருந்தது, இப்போது மூன்று. கண்ணாடிக்காரர் ஜெபிக்கிறார். குணமாக வேண்டும் என்றே ஜெபிக்கிறார், அதில் சுருக்கம் கிடையாது. ஜெபம் முடிந்ததும் மறக்காமல், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறார்.

மாலை மருந்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் அம்மாள் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் வாய் சும்மா இருக்காது. மருந்து செய்தவர்களுக்காக ஒரு ஸ்தோத்திரம், திட்டின டாக்டருக்காக ஒன்று, மோதியும் கொல்லாமல் விட்ட சைக்கிளுக்காக ஒன்று. நேற்றும் அப்படித்தான். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்கக் கூடாது என்று மூன்று மாதமாக வைத்திருந்ததை ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

"அந்த ஓரம் திரும்பக் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு உனக்குத் தோணலையா?"

"தோணாம? தினமும் கேக்குறேன். கொடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" அம்மாள் கண்ணைத் திறந்து, துடைத்துக்கொண்டு, எதிரே பார்த்தார். "அதுவரைக்கும் நீங்க ஓரத்துல போய் நிக்காதீங்க. இப்ப உக்காந்திருக்கிற இடத்துலயே இருங்க, முழுசா தெரியுறீங்க."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நடுவில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.